வெற்று வரிக்கு இழுத்த கோடு

எங்கள் சபையில் விளங்குகிற எதையும் யாரும் உடனே நம்புவதில்லை. ஒரு கடிதம் முதல் வாசிப்பிலேயே விளங்கிவிட்டால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்போம். விளங்காத கடிதமென்றால் பிரச்சினை இல்லை; கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நீர்வாயில் எச்சரிக்கைக் கருவிகள் அதிகார சபையின் கிழக்குப் பிராந்தியக் காரியாலயம் தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. அங்கே கூட்டக் குறிப்பு எழுதுவதும் தட்டச்சு செய்வதும் என் வேலை. சொன்னதை எழுதுவேன், எழுதியதை அடிப்பேன். கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் தருவதில்லை.

யசோதினி என்ற பிள்ளை எங்களிடம் மின்னணுப் பொறியியலாளராக வந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. உன்னிச்சைக்கு அங்கால் கொக்கட்டிமடு அவளுடைய ஊர். அந்த ஊர்க் குளத்தின் வான்கதவைத் திறக்கும்போது கீழே வட்டையில், அதாவது வயல்வெளியில், இருப்பவர்களை எச்சரிக்க முன்பு ஒரு சைரன் இருந்தது. அதை இயக்கும் மின்சுற்றுப் பலகை கறள் பிடித்துச் செத்துப்போய்விட்டது. போன மாரியில் கதவு திறந்தது கீழே ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டியிருந்த மாடுகளையும் காவல் குடிசைகளான வாடிகளையும் தண்ணீர் கொண்டுபோனது. அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி அன்றைக்கு ஒரு மரத்தில் ஏறித் தப்பினார். இந்த முறையும் யானைக் காவலுக்கு அவர் அதே பள்ளத்தில்தான் வாடி போடப்போகிறார். வயல் அங்கேதான் இருக்கிறது, வேறு எங்கே போடுவது?

ஆகவே பிள்ளை வந்த நாளிலிருந்து புதுப் பலகைக்கான மின்சுற்றைக் கணினியில் வரைந்துகொண்டிருந்தாள். மாரிக்கு முன் அதைக் குளத்தில் பொருத்திவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே எண்ணம். வரைந்து முடித்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: எந்த வடிவில் சேமிக்க? ஒன்று, நாங்கள் காலங்காலமாகப் பாவிக்கும் பூட்டுக் கோப்பு. அதைப் பழைய மென்பொருள் ஒன்றால் மட்டும்தான் திறக்கலாம். வேறு எதில் திறந்தாலும் பெட்டி பெட்டியாகவும் கேள்விக்குறியாகவும் தெரியும். மற்றது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பாகம், என்ன பெறுமதி, எந்தக் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று வரிக்கு வரி எழுதியிருக்கும். யாரும் எந்தக் கணினியிலும் திறந்து வாசிக்கலாம். நாளைக்கு அவள் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் திருத்தலாம். அவளுக்கு எழுத்துக் கோப்புப் பிடித்தது. பிடித்ததோடு நின்றிருக்க வேண்டும். அனுமதி கேட்டாள்.

எங்கள் சபையில் அனுமதி கேட்டால் முதலில் கிடைப்பது குழு. கோப்பு வடிவத் தெரிவுக் குழு உடனே அமைக்கப்பட்டது. தலைவர், பிராந்தியப் பணிப்பாளர் கிருபைராசா. உறுப்பினர், உள்ளகக் கணக்காய்வாளர் அப்துல் கபூர். செயலாளர் நான். மின்சுற்றைப் பற்றித் தெரிந்தவர் என்பதால் யசோதினிக்கு வாக்குரிமை கொடுக்கப்படவில்லை, பக்கச்சார்பு வந்துவிடும்.

கபூர் சேரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் காத்தான்குடிக்காரர். சபையின் ஒரு பேனையைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். மற்ற எல்லோரும் கொண்டுபோகிறார்கள் என்று உறுதியாக நம்புபவர். இரண்டும் உண்மை.

முதல் கூட்டத்தில் பிள்ளை தன் கோப்பைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். கொழும்புத் தலைமையகம் அந்த வருடத்தை வெளிப்படைத்தன்மை ஆண்டாகப் பிரகடனம் செய்திருந்ததால் அதற்கான பதாகை யன்னலை மூடித் தொங்கியது; மின்குமிழ் வெளிச்சத்தில்தான் கூட்டம் நடந்தது. கபூர் சேர் எழுந்து சுவருக்குக் கிட்டப் போய் விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருடைய முகம் வாடியது.

"விளங்குது," என்றார் கவலையோடு. பிறகு பிள்ளையைப் பார்த்தார். "இதுல என்னத்த மறைச்சிரிக்கி?"

"ஒண்டையும் மறைக்கல்ல சேர். எல்லாம் எழுத்துலயே இரிக்கி."

"அதான் கேக்கன். ஒண்டையும் மறைக்காத கோப்ப ஏன் செய்யணும்?"

பூட்டுக் கோப்பே போதும் என்பது அவருடைய கட்சி. அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை காலமும் பூட்டுக் கோப்புகளை அவர்தான் கணக்காய்வு செய்து வந்திருக்கிறார். ஒன்றிலாவது ஒரு பிழை கண்டதில்லை. ஏனென்றால் ஒன்றிலும் ஒன்றும் தெரியாது. இந்த எழுத்துக் கோப்பில் முதல் பக்கத்திலேயே அவருக்குப் பல கேள்விகள் வந்துவிட்டன. எது பாதுகாப்பானது என்று குழுவே யோசிக்கட்டும் என்றார். குழு யோசித்தது. அவர் சொன்னதில் பிழை இருப்பதாக யாருக்கும் படவில்லை.

ஆனால் பணிப்பாளர் கிருபைராசாவுக்கு வேறு சங்கடம் இருந்தது. ஆண்டு முடிவில் வெளிப்படைத்தன்மைக்கு என்ன செய்தீர்கள் என்று தலைமையகம் கேட்கும். பதாகை கட்டினோம் என்று மட்டும் எழுத முடியாது. ஆகவே எழுந்து நின்று மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். அப்படி ஊன்றினால் அது உரை. நான் முழுதாக எழுத வேண்டும்.

"வெளிப்படைத்தன்மைக்கு இச்சபை எதிரானதல்ல," என்றார். "யாரும் பார்க்கலாம். ஆனால் யார் பார்க்கிறார்கள் என்று நாம் பார்க்க வேண்டும். எதைப் பார்க்கலாம் என்பதை நாமே முன்கூட்டிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். மிச்சத்தைத் தாராளமாகப் பார்க்கட்டும்."

எழுத்துக் கோப்பு கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எங்கள் சபையில் கொள்கையளவு என்பது ஒரு நீளமான அளவு.

அடுத்த கூட்டம் வெற்று வரிகளைப் பற்றியது. வாசிக்க இலேசாக இருக்கட்டும் என்று பிள்ளை கோப்பில் அங்கங்கே ஒரு வரி இடைவெளி விட்டிருந்தாள். கபூர் சேர் அதைக் கண்ட இரவு நித்திரை கொள்ளவில்லை என்று அவரே சொன்னார். பற்றுச்சீட்டில் வெற்றிடம் விட்டால் பின்னால் ஒருவன் வந்து எழுதுவான். அதற்காகத்தான் வெற்றிடத்தில் குறுக்கே கோடு இழுக்கிறோம். இங்கே இத்தனை வரி வெறுமனே கிடக்கிறது, யாருக்காக விடப்பட்டிருக்கிறது என்று கேட்டார். மென்பொருள் அவற்றைக் கவனிக்காது என்றாள் பிள்ளை. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அவள் வேறு, வரியின் தொடக்கத்தில் ஒரு குறி போட்டுச் சில விளக்க வரிகளையும் எழுதியிருந்தாள். குறி போட்ட அந்த வரிகளையும் மென்பொருள் வாசிக்காது.

"அப்ப அது ஆருக்கு எழுதின?"

"மனிசருக்கு சேர்."

"எந்த மனிசருக்கு?"

பிள்ளை தன் வரிகளைத் திரும்பிப் பார்த்தாள். பெயர், முகவரி கேட்பார் என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வெளியே மாரி தொடங்கிவிட்டது. வாவி கலங்கி மண்ணிறமாகி, காரியாலய வேலிவரை வந்து நின்றது. வினாயகமூர்த்தி வட்டையில் வாடி போட்டுவிட்டார். ஒவ்வொரு நாளும் மகளுக்குப் போன் எடுத்துச் சைரன் எப்போது வரும் என்று கேட்பார். குழு இருக்கிறது என்று அவள் சொல்வாள். குழு என்றால் யார், அவர்கள் எப்போதாவது கொக்கட்டிமடுப் பக்கம் வந்திருக்கிறார்களா, தண்ணீரைக் கண்டிருக்கிறார்களா என்று அவர் கேட்பார். அவள் போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்து மறுபடி சரிபார்ப்பாள். பக்கத்து மேசை என்பதால் இதெல்லாம் என் காதில் விழும். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைக் கூட்டக் குறிப்பில் எழுத இடமில்லை.

கடைசியில் முடிவு வந்தது. எழுத்துக் கோப்பே உத்தியோகபூர்வ வடிவம். ஆனால் எழுத்து என்று வந்துவிட்டதால் அது ஆவணம். ஆவணம் என்றால் ஆவண விதி. கோப்பை முழுதாக அச்சிட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உறுப்பினர்கள் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வெற்று வரிகளுக்கெல்லாம் கோடு இழுக்க வேண்டும். ஒப்பம் வைத்த தாள்தான் மூலம். கணினியில் கிடப்பது வெறும் பிரதி, அதை நம்ப முடியாது. ஆகவே பலகை செய்யும் கம்பனிக்கு அனுப்ப, மூலத் தாளைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

கணினியில் இருந்ததை அச்சிட்டு, அச்சிட்டதை மறுபடி கணினியில் ஏற்றும் இந்த வேலை எனக்கு வந்தது. செய்ய முடியாது என்று சொல்லவில்லை. அதற்கும் எனக்குச் சம்பளம் இல்லை.

ஒப்பம் வைக்கும் நாளில்தான் அந்த விசயம் நடந்தது. கபூர் சேர் சிவப்புப் பேனையோடு தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஒரு சைரனை இயக்கத் தேவையான பாகங்களைப் பிள்ளை ஒரு தொகுதியாக எழுதி வைத்துவிட்டு, அந்தத் தொகுதி இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு வரியில் குறித்திருந்தாள். கடைசி இலக்கத்தைத் தவிர இரண்டு வரியும் ஒன்றே. கபூர் சேரின் முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக மலர்ச்சியைக் கண்டேன்.

"இரட்டைப் பதிவு," என்றார்.

பிள்ளை பதறிப்போய் விளக்கினாள். முதலாவது சைரன் குளக்கட்டில், கரைமேல் கதவடியில். இரண்டாவது கீழே வட்டையில். கட்டிலிருந்து வட்டை தூரம். மழை இரைச்சலில் கட்டிலே ஊதுவது கீழே கேட்காது. இரண்டாவதுதான் முக்கியம்.

"கதவு எங்க இரிக்கி?" என்று கேட்டார் கபூர் சேர்.

"கட்டுல சேர்."

"அப்ப கட்டுல ஊதினாப் போதும்தானே. திறக்கிற ஆளுக்குத் திறந்தது தெரியணும்."

பணிப்பாளர் தலையாட்டினார். கதவைத் திறப்பது எங்கள் ஆள். எங்கள் ஆளை எச்சரிப்பது எங்கள் கடமை. மற்றவர்களை எச்சரிக்கப்போனால் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், பிறகு நட்டஈடு கேட்பார்கள் என்று விளக்கினார். சிவப்புப் பேனை இரண்டாவது வரியை வெட்டியது. வெட்டிய இடத்தில் கபூர் சேர் ஒப்பம் வைத்தார். பிள்ளையின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்த்ததைக் குறிப்பில் எழுதவில்லை.

நான் தட்டச்சு செய்தேன். தாளில் கண்டதையெல்லாம் அடித்தேன்: வரிகள், ஓரத்தில் எழுதிய குறிப்புகள், 'பார்த்தேன்', 'இது ஏன்', பக்கத்துக்குப் பக்கம் பணிப்பாளரின் சுருக்கொப்பம். வெற்று வரிகளில் இழுத்த கோட்டைச் சின்னச் சின்னக் கோடாக அடித்தேன். முடிந்ததும் பிள்ளை வந்து கணினிக்கு முன் உட்கார்ந்து, தேவையில்லாத வரிகளுக்கெல்லாம் முன்னால் அந்தக் குறியைப் போட்டாள். இனி மென்பொருள் பணிப்பாளரின் ஒப்பத்தைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் என்றாள். நான் அதைப் பணிப்பாளரிடம் சொல்லவில்லை.

பிறகு ஓரிடத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். வெட்டிய வரிக்குக் கீழே ஒரு வெற்று வரி இருந்தது. அதில் நான் அடித்த கோடு இருந்தது.

"அண்ணன்," என்றாள். "இந்தக் கோட்டுல ஒரு வரி கொள்ளும்தானே?"

நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மெதுவாகத்தான் குடித்தேன். திரும்பி வந்தபோது கோப்பு கம்பனிக்குப் போய்விட்டது. கபூர் சேர் சந்தேகப்பட்டதில் பிழை இல்லை: வெற்றிடம் விட்டால் ஒரு ஆள் வந்து எழுதத்தான் செய்யும்.

பலகை வந்தது. எங்கள் தொழில்நுட்ப உதவியாளர் றுஸ்தி, ஏறாவூர்ப் பையன், மழையோடு மழையாகப் போய்ப் பூட்டினான். களஞ்சியத்தில் சைரன் இரண்டு கிடந்தது. கணக்காய்வு செய்தது கோப்பை மட்டும்தான். ஒன்றைக் குளக்கட்டில் வைத்தான். மற்றதை வாய்க்கால் ஓரமாகக் கம்பி இழுத்து வட்டையிலிருந்த ஒரு மருத மரத்தின் கிளைக் கவரில் கட்டினான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் குளம் நிரம்பிக் கதவு திறந்தது. மருத மரம் கத்தியது. வட்டையில் இருந்தவர்கள் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஏறினார்கள். வாடிகள் போய்விட்டன. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்தச் செய்தி காரியாலயத்துக்கு வந்தபோது யசோதினி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். 

அதோடு முடிந்திருக்கும். ஊர்ப் பொடியன் ஒருவன் பேஸ்புக்கில், வட்டைச் சைரனால் எங்கள் உயிர் தப்பியது, அதிகார சபைக்கு நன்றி என்று எழுதிவிட்டான். பணிப்பாளர் அதை அச்சிட்டுச் சுவரில் மாட்டச் சட்டம் போடச் சொன்னார். சட்டத்துக்குப் போகும் வழியில் கபூர் சேர் அதை வாசித்தார். மூலத் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் வட்டைச் சைரன் இல்லை. இல்லாத சைரன் எப்படி ஊதியது? ஒப்பம் வைத்த ஆவணத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

விசாரணைக்குக் கட்டளை வந்தது. நிரூபணமானால் பிள்ளையின் வேலை போகும், அங்கீகாரமில்லாத சைரன் கழற்றப்படும். மாரியோ இன்னும் பாதிகூட முடியவில்லை. யானை குழுவுக்காகக் காத்திருக்காது என்பதால் வினாயகமூர்த்தி அதே பள்ளத்தில் புதிதாக வாடி கட்டியிருந்தார்.

கொக்கட்டிமடு வட்டையில் வைத்தே சாட்சியம் எடுப்பது என்று கபூர் சேர் தீர்மானித்தார். காரியாலயத்திலிருந்து ஒரு கதிரையும் கொண்டுபோனோம். வரம்பில் கதிரை போட்டுக் குடையின் கீழ் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் குந்தியிருந்து எழுதினேன் நான். யசோதினி தள்ளி நின்றாள். ஊரார் வரிசையாக வந்தார்கள். சைரன் கேட்டதா? இல்லை. கேட்டதா? இல்லை. முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியென்றால் அன்றைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஏன் மேட்டுக்கு ஏறினீர்கள் என்று கேட்டால், சும்மா என்றார்கள். ஒருவர் காற்று வாங்க என்றார்.

கடைசியாக வினாயகமூர்த்தி வந்தார். கபூர் சேர் மருத மரத்தைக் காட்டினார். "அந்தக் கவருல இரிக்கிறது என்ன?"

"குளவிக்கூடு சேர்," என்றார் வினாயகமூர்த்தி. "கிட்டப் போனாக் கொட்டும்."

அதை எழுதச் சொல்லிக் கபூர் சேர் என் பக்கம் திரும்பினார். அப்போது குளவிக்கூடு ஊதத் தொடங்கியது.

மேலே எங்கோ மழை கொட்டியிருக்க வேண்டும், கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த தாள் அதிர்ந்தது. கொக்குகள் வயலைவிட்டு எழும்பின. மனிதர்கள் மட்டும் அசையவில்லை. அசைந்தால் கேட்டது என்று ஆகிவிடும். எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மற்றவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வினாயகமூர்த்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, மகளைப் பாராமல் நின்றார். தண்ணீர் வந்து சேரக் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. போன மாரியில் மரத்தில் ஏறியவருக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியும். ஆனாலும் நின்றார். 

சத்தம் ஓயும்வரை காத்திருந்து, கபூர் சேர் தொண்டையைச் செருமினார். "அப்ப, ஒண்டும் கேக்கல்ல?"

"இல்ல சேர்," என்றார் வினாயகமூர்த்தி.

கபூர் சேர் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. கேட்டது என்று எழுதினால், தான் வெட்டியது இரட்டைப் பதிவு அல்ல என்றும் எழுத வேண்டும். அவருடைய சேவைக்காலத்தில் அவர் தன்னைத்தானே கணக்காய்வு செய்ததில்லை. யசோதினி ஓடி வந்தாள். "அப்பா, போங்க," என்றாள். "நான்தான் சேர், அந்த வரிய நான்தான்..."

"மிஸ்," என்று கபூர் சேர் இடைமறித்தார். "சாட்சி சொல்றதுக்கு இடையில ஆரும் பேசக் கூடா." என் பக்கம் திரும்பி, "ஒலி எதுவும் கேட்கவில்லை என எழுதுங்க," என்றார். பிறகு குடையை மடக்கினார். "இஞ்ச வெளிச்சம் காணா. மேட்டுல போய் ஒப்பம் வைப்பம்."

எழுந்து நடந்தார். நான்கு அடி நடந்துவிட்டுச் இடுப்பில் கட்டிய சாரத்தைத் தூக்குவதுபோல் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். சேர் ஓடுகிறார், அதனால் நாங்களும் ஓடுகிறோம் என்று ஊரே அவருக்குப் பின்னால் ஓடியது. யசோதினி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது சபையின் கதிரை வட்டைக்கு நடுவே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.  கபூர் சேர் நனைந்த தாளைத் தொடையில் வைத்து ஒப்பமிட்டார். வட்டையில் சைரன் இல்லை என்பது அத்தாட்சிப்படுத்தப்பட்டது. இல்லாததைக் கழற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒப்பத்துக்குக் கீழே மிஞ்சியிருந்த இடத்தில் பழக்கத்தில் கோடு இழுக்கப் பேனையை வைத்தார். வைத்தவர் கோடு இழுக்காமல் பேனையை மூடினார்.

ஜீப்பில் ஏறுமுன் ஊராரைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளையைப் பார்க்கவில்லை.

"அந்தக் குளவிக்கூட்ட ஒருத்தரும் கலைக்கக் கூடா," என்றார்.